எச்சில் படாத சீவாளி

ஆண்டிச்சாமி வாய்ப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. அவன் நாதஸ்வரம் கிடைத்தால்தான் கல்யாணம் என்று முகூர்த்தத்தையே தள்ளிவைத்த வீடுகள் மதுரையில் உண்டு. பதினெட்டு வருஷம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து தவில் அடித்தவன் நான். அவன் எந்த இடத்தில் மூச்சு வாங்குவான் என்று எனக்குத்தான் தெரியும் என ஊரெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

வருஷத் திதியன்று படத்துக்கு முன்னால் வைக்க அவன் நாதஸ்வரத்தை எடுத்துத் தந்தாள் அவன் மனைவி சின்னத்தாய். அதில் நூலில் தொங்கிய சீவாளிகளைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. சீவாளி, வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு. எச்சில் ஊறி நாலே கச்சேரியில் நிறம் பழுத்துவிடும்; பழுத்தால்தான் நாதமும் பேசும். இவையோ கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே வெளுப்பாக இருந்தன.

"இத யாராச்சும் எடுத்தாகளா தாயி?"

"யாரு எடுக்கப் போறாண்ணே? இவுகள ஆஸ்பத்திரியில சேத்தப்ப அழகுபாண்டிதான் கொண்டாந்து குடுத்தாப்ல."

போதாதா? அழகுபாண்டி எங்கள் செட்டில் இரண்டாம் நாயனம். கடைசி ஆறு மாதம் ஆண்டிச்சாமியை அமுக்கி, மேலே மேலே ஏறி ஊதியவன். நான் எத்தனை தரம் முறைத்திருப்பேன்! சாவு வீட்டில் கூடப்பிறந்தவனைவிட அதிகமாக அழுதான். திதிக்கு மட்டும் வரவில்லை. இன்றைக்கு முதல் நாயனம் அவன்தான். பழுத்த சீவாளிகளைச் சுருட்டிக்கொண்டு புதுசைக் கட்டிவைத்திருக்கிறான், களவாணிப் பயல்.

கையோடு திருமங்கலத்துக்குப் பஸ் ஏறினேன். அவன் வீட்டில்தான் இருந்தான்.

"வாங்கண்ணே, காப்பி சாப்பிடுறீகளா?"

"காப்பி கெடக்கட்டும். ஆண்டிச்சாமி சீவாளி எங்கடா?"

விழித்தான். திருட்டு முழி என்றே நினைத்தேன். "அங்க இருக்கறதுதாண்ணே. நான் எதையும் மாத்தல."

"ஆறு மாசம் ஊதுன சீவாளி அப்படியாடா இருக்கும்? யாருக்குக் காது குத்துற?"

தலையைக் குனிந்துகொண்டான். "அவரு ஊதலண்ணே."

"என்னது?"

"நாக்குல புண்ணு. ஊதுனா உசுரு போகுதுன்னாரு. டாக்டருகிட்டப் போனாப் படுக்கப் போட்டுருவாக, மக கல்யாணம் முடியட்டும்னாரு. பழசு புண்ணுல உரசுதுன்னு புதுச் சீவாளி வாங்கி, அதையும் ஒதட்டுல ஒட்டுனாப்ல வச்சுக்கிட்டு வெரல மட்டும் ஆட்டுனாரு. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் ஊதுனேன்."

எனக்குக் காது அடைத்துப்போயிற்று. மகள் திவ்யாவின் கல்யாணத்தில் நான் கெட்டிமேளம் கொட்டியபோது ஆண்டிச்சாமி கண்ணில் நீர் வழிந்தது. மகளைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்தேனே, பாவி! அடுத்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?" சட்டையைப் பிடித்துவிட்டேன்.

அவன் கையைத் தட்டிவிடவில்லை. "நீங்க பக்கத்துலயேதானண்ணே உக்காந்திருந்தீக. அவரு ஊதலன்னு உங்களுக்கா தெரியாது? தெரிஞ்சும் வாயத் தொறக்கலியேன்னு இம்புட்டு நாளும் ஆத்தாமையா இருக்கு. உங்க மூஞ்சில முழிக்கப் புடிக்காமத்தான் திதிக்கே வரல."

சட்டையை விட்டேன்.

"எனக்குத் தெரியாதுடா, சத்தியமா" என்றேன்.

அவன் நம்பவில்லை.