அமைதிக்குக் காத்திருந்தவர்

மூன்றாவது டம்ளர் தண்ணீரும் காலி. நாக்கு மட்டும் ஈரமாகவில்லை. பேச எழுதிவைத்திருந்த தாளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்ததில் அதன் நடுக்கோடு கிழியத் தொடங்கியிருந்தது.

அவர் பிறந்த அரண்மனையில் அப்பா தொண்டையைச் செருமினால் போதும், நூறு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மகனுக்கும் அதுவே பழகிவிட்டது. எழுந்து நிற்க வேண்டும், சத்தம் அடங்கும், பிறகு பேச வேண்டும். ராஜ்யம் போய், வீடு வீடாக ஓட்டுக் கேட்டு சட்டமன்றத்துக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. போன கூட்டத்தில் சத்தம் அடங்கட்டும் என்று நின்றதிலேயே கொடுத்த இரண்டு நிமிடமும் ஓடிப்போனது. ‘உறுப்பினர் பேசவில்லை’ என்று அவைக் குறிப்பில் ஏறியது.

இன்று அவர் தொகுதியின் ஒரே பிரசவ ஆஸ்பத்திரியை மூடுவது பற்றிய விவாதம். இன்று பேசாவிட்டால் பூட்டுத்தான். மேலே பார்வையாளர் வரிசையில், இரண்டு பஸ் மாறி வந்திருந்த அந்த ஆஸ்பத்திரி நர்ஸம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து இருக்கைக்காரர் முன்பு பஸ் கண்டக்டர். “என்ன ராஜா, பேசுறதுக்குள்ள தாளைக் கிழிச்சிடுவீங்க போலிருக்கே?”

“கொஞ்சம் அமைதியானா பேசிடுவேன்.”

“நல்லாருக்கே! கூட்டத்துல டிக்கெட் கேக்குற மாதிரி கத்தணும். எல்லாரும் இறங்கிப் போனப்புறம் யார்கிட்ட கேப்பீங்க?”

சபாநாயகர் அழைத்தார். ராஜா எழுந்தார்.

“மகாராஜா வாழ்க!” என்று எதிர்வரிசையில் ஒரு குரல். சிரிப்பு. மேஜைகளைத் தட்டினார்கள். அவர் நின்றார், வழக்கம்போல. செருப்புக்குள் பெருவிரல் தோலைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. நடுமேஜையில் குறிப்பெழுதும் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். ஒரு நிமிடம் போனதற்கான மணி அடித்தது. மேலே நர்ஸம்மா தாளமாட்டாமல் எழுந்துவிட்டாள். காவலர் அவள் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

அதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ ஆனது.

“பதினேழு கட்டில்!” என்றார். அது அவர் காதிலேயே விழவில்லை. “பதினேழு கட்டில் இருக்குங்க அங்க! ஒன்னுகூட காலியா இல்ல!” குரல் உடைந்து கீச்சென்று வந்தது. யாரோ அதேபோலக் கீச்சிட்டுக் காட்டினார்கள். தாளைத் தேடினார், காலடியில் கிடந்தது. குனியவில்லை. யாருக்குக் கேட்கிறது என்று தெரியாமலேயே சொல்லிக்கொண்டு போனார்.

நடுமேஜையில் அந்தப் பெண் தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை இடுக்கி, அவர் உதடுகளைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கியிருந்தாள்.