மனு தள்ளுபடி

புது நீதிபதி ஒரு பெண் என்று தெரிந்ததும் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "பாதி ஜெயிச்சாச்சும்மா. பழைய ஐயா மாதிரி பேசித் தீத்துக்கங்கன்னு இழுத்தடிக்க மாட்டாங்க. பொம்பள மனசு பொம்பளைக்குத் தெரியாதா?" என்றார்.

அவள் தலையாட்டினாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். மகளோடு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கணவன் அந்தத் தெருப்பக்கம் வரக்கூடாது என்று ஒரு தடை உத்தரவு, அவ்வளவுதான் அவள் கேட்டது. பழைய நீதிபதி அவளை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. அவனிடம் மட்டும் வேலை எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். அவன் ஒவ்வொரு வாய்தாவுக்கும் இஸ்திரி கலையாத சட்டையில் வந்து, அவளுடைய வக்கீலுக்கே வணக்கம் வைப்பான். வெளியே தெரிகிற இடத்தில் அவன் அவளை அடித்ததே இல்லை.

நீதிபதி வந்து உட்கார்ந்தார். நடுத்தர வயது. கண்ணாடி இடப்பக்கம் லேசாகத் தாழ்ந்திருந்தது. கோணிப்போன பிரேமை வீட்டிலேயே கையால் நிமிர்த்தினால் அப்படித்தான் நிற்கும் என்று அவளுக்குத் தோன்றியது. இந்த நேரத்திலும் கடைப்புத்தி போகவில்லையே என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"அவர் வீட்டுக்கு வர்ற சத்தம் கேட்டா என்ன செய்வீங்க?" என்றார் நீதிபதி.

இதுவரை யாரும் கேட்காத கேள்வி. "டிவி சத்தத்தைக் குறைப்பேம்மா."

"முழுசா நிறுத்த மாட்டீங்க."

"மாட்டேன்."

"நிறுத்தினா, 'நான் வந்ததும் ஏன் நிறுத்தினே?'ன்னு ஆரம்பிப்பார்," என்றார் நீதிபதி.

அவள் அக்காவிடம்கூட இதைச் சொன்னதில்லை. மனுவிலும் இல்லை.

"பொண்ணு?"

"தூங்குற மாதிரி படுத்துக்கச் சொல்வேன்."

"செவுத்துப் பக்கம் திரும்பி."

"ஆமாம்மா."

நீதிபதி அவளைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் ஒன்றுமில்லாத ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் ஏற்ற இறக்கமில்லாத குரல். கணவனின் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்தாள்.

"போதிய சாட்சியம் இல்லை. மனு தள்ளுபடி."

அவள் கடை வாசலில் வருஷம் முழுக்கத் தொங்கும் வார்த்தை அது. ஒரு கணம் அதற்கு வேறு அர்த்தமே அவளுக்குப் பிடிபடவில்லை.

"பக்கத்துல இருந்து பாத்த மாதிரி கேட்டாங்க, கடைசில இப்படிக் கவுத்துட்டாங்களே," என்று வக்கீல் முனகினார். தீர்ப்பு நகலுக்கு எழுதிக் கொடுக்கப் போனார். அந்த இடைவெளியில் கணவன் அருகில் வந்தான். மீண்டும் சிரித்தான்.

"நாளைக்குக் காலைல வர்றேன். பாப்பாவோட துணிமணியெல்லாம் எடுத்து வை. அவசரமில்ல."

தாழ்வாரக் கடைசியில் இருந்த கழிப்பறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் அவளுக்குப் பின்னால் நீதிபதி நின்றார். மேலங்கி இல்லாமல் ஆள் பாதியாகத் தெரிந்தார். கதவுச் சத்தமே கேட்கவில்லை. அவர் கை நீட்டிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். தண்ணீர் இரைந்தது.

"நாளைக்கு வர்றேன்னு சொன்னாரா?"

அவள் தலையசைத்தாள்.

"தடை போட்டிருந்தா இன்னிக்கே வந்திருப்பார். ஜெயிச்ச அன்னிக்கு இந்த மாதிரி ஆம்பளைங்க நல்லாத் தூங்குவாங்க." நீதிபதி கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "ஸ்கூலுக்குப் போய்ப் பொண்ணைக் கூட்டிட்டு அப்படியே கிளம்பிடு. எங்கன்னு அக்காகிட்டகூடச் சொல்லாத."

அவளுக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. "நீங்க எழுதிக் கொடுத்தா போலீஸ் பாத்துக்காதா? அதுக்குத்தானே நான் இத்தனை நாள் நடந்தேன்?"

"என் வீட்டு வாசல்ல எப்பவும் போலீஸ் நிக்குது. வாசல்லதான்," என்றார் நீதிபதி.

"அப்ப எனக்கு நியாயம்?"

அவர் குழாயை மூடினார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். முன்படிக்கட்டின் அருகே, வெளியே போகிற எல்லோரையும் பார்க்கும்படியான இடத்தில் கணவன் நின்றிருந்தான். நீதிபதி நேராக அவனிடம் போனார்.

"சார், உங்க பேப்பர்ல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. என் ரூமுக்கு வந்துட்டுப் போறீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க."

நாற்காலியில் கேட்ட குரல் இல்லை அது. குழைந்திருந்தது. எங்கே கெஞ்ச வேண்டும், எங்கே லேசாகச் சிரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. வீட்டில் அவனிடம் அவளே பேசிப் பழகிய குரல் அது. அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான். அறைக் கதவு பாதி திறந்தே இருந்தது.

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டில் இறங்கினாள். அந்தக் குரலும் கூடவே இறங்கி வந்தது. எந்த ஊர் என்று கேட்டது. வெயிலில் வந்திருப்பீர்களே என்றது. சாப்பிட்டீர்களா என்றது. அவன் ஏதோ சொல்லிச் சிரித்தான். அவன் சிரித்து முடிக்கும்வரை அந்தக் குரலும் சேர்ந்து சிரித்தது.