அடுத்த ஏழு நாளில் பிறந்தவர்கள்

…அப்படியானால் வருகிற ஏழு நாளில் இவ்வுலகில் ஒருவருக்கும் பிறந்தநாள் இல்லை, என்று கணினித் திரையைப் பார்த்துத் தமக்குள் சொல்லிக்கொண்டார் நிரலாளர், வாழ்த்து அனுப்ப வேண்டியவர்களின் பட்டியல் துடைத்துவிட்டாற்போல் வெறுமையாக இருந்தது, மூக்குக்கண்ணாடிக் கடையின் இணையதளத்தில் பதிந்துகொண்ட இத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்குமா டிசம்பர் கடைசியில் பிறக்க மனம் வரவில்லை… காலையில் வேறு கூத்து, பிறந்த தேதியை அப்படியே வரிசைப்படுத்தியதில் தொண்ணூறைத் தாண்டிய ஒரு முதியவர் முதலில் வந்து நின்றார், அவருக்குப் பிறந்தநாள் ஆகஸ்டில், அவர் பின்னால் மற்றவர்களும் வயதுப்படி ஒழுங்காக; அதைக் கண்ட மேலாளர், இவருடைய மகன் வயதுதான் இருக்கும், "சார், மூத்தவங்களுக்கு மரியாதை குடுக்கறதெல்லாம் சரி, நாளைக்கு யாருக்குப் பொறந்தநாள்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றார், பக்கத்து மேசைப் பெண் இருமினாள், அது இருமலே அல்ல என்பது இவருக்குத் தெரியாதா என்ன. ஆண்டுதான் குற்றவாளி என்று கண்டு அதை வெட்டி எறிந்தார், மாதமும் நாளும் போதுமே… நாற்பதுக்குமேல் மாலை வகுப்பில் சேர்ந்து நிரல் கற்றவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா, சான்றிதழ் வீட்டுக் கூடத்தில் சட்டமிட்டுத் தொங்குகிறது, அதன் கீழே நின்றல்லவா போன வாரம் மனைவி சொன்னாள், "போன பொறந்தநாளை நீங்களும் மறந்தீங்க, உங்க கடையும் மறந்துச்சு. இந்தத் தடவை ரெண்டுல ஒண்ணாவது ஞாபகம் வச்சிருக்கான்னு பாக்கறேன்." அவளும் அத்தளத்தில் உறுப்பினர், படிக்கிற கண்ணாடியை அங்கேதான் வாங்கினாள், பிறந்தது ஜனவரி இரண்டு.

ஜனவரி இரண்டு… விசைப்பலகைமேல் கை நின்றது. இன்று டிசம்பர் முப்பது, ஏழு நாள் என்றால் ஜனவரிக்குள் கால் வைக்க வேண்டாமா, ஆண்டை வெட்டியபின் டிசம்பர் முப்பதுக்குப் பின்னும் ஜனவரி ஆறுக்கு முன்னும் வருகிற நாள் எது என்று கேட்டால் கணினி என்ன செய்யும், பாவம், கையை விரித்துவிட்டது. அதற்கு டிசம்பர் முடிந்தால் சுவர், சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டமே இல்லை. இதற்குமுன் கடையில் ஓடிய பழைய நிரலும் இப்படித்தான் அவளை மறைத்திருக்க வேண்டும்… சரி, கடை மறந்த காரணம் கிடைத்தது, தாம் மறந்த காரணம்? அடுத்த வருடத்து வேலையை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற தலைக்குள்ளும் ஒரு சுவர் இருக்கிறதோ… இப்போது அந்த ஆராய்ச்சி எதற்கு. ஒவ்வொருவருக்கும் இவ்வாண்டுப் பிறந்தநாள் கடந்துவிட்டதா பார், கடந்திருந்தால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளு, தள்ளியபின் வரிசைப்படுத்தி முதல் ஏழு நாளை எடு, அவ்வளவுதான். அழுத்தினார், கதவு திறந்ததுபோல் பெயர்கள் மளமளவென்று இறங்கின, அவற்றிடையே மனைவியின் பெயர், முன்பின் அறியாத இரண்டு பேருக்குக் கீழே சமர்த்தாக நின்றது, அந்த மகிழ்ச்சியில் வாழ்த்து அனுப்பும் பொத்தானையும் அழுத்தினார், வெறும் சோதனைக்குத்தான், சோதனை என்ற கட்டத்தில் குறி இட்டோமா… இடவில்லை. பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் வாழ்த்துப் போய்விட்டது. மேலாளருக்குத் தெரிவதற்குள் ஏதேனும் செய்ய வேண்டும், என்ன செய்ய, போன வாழ்த்தைத் திரும்பக் கொடுங்கள் என்றா கேட்பது… கைப்பேசி ஒலித்தது.

"என்னங்க, எனக்கு இன்னைக்கா பொறந்தநாள்?"

"இல்ல… கொஞ்சம் முன்கூட்டியே."

"அன்புள்ள வாடிக்கையாளரேன்னு இருக்கு."

"அது எல்லாருக்கும் பொதுவா எழுதறது."

"பரவால்ல, லென்சுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம். நீங்க இத்தனை வருஷத்துல அதுகூடத் தந்ததில்ல." குரலில் சிரிப்பு இருந்தது, இவ்வளவு இளகிய குரலைக் கேட்டு எத்தனை காலம், நினைவு வைத்தது நிரலா நீங்களா என்று கேட்டுவிடுவாளோ, கேட்டால் நிரல் எழுதியவன் நான்தானே என்று சொல்லிவிடலாம், அது பொய்யில்லை… ஆனால் அவள் அதைக் கேட்கவில்லை. "சரி, எனக்கு எத்தனை வயசு ஆகப்போகுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

வயது… பட்டியலைப் பார்த்தார், மாதம் இருந்தது, நாள் இருந்தது, ஆண்டைத்தான் காலையில் தாமே வெட்டி எறிந்தாரே, மூல அட்டவணையைத் திறந்தால் கிடைக்கும், ஒரு நொடி வேலை, விரல்கள் தாமாகவே விசைப்பலகையைத் தேடிச் சென்றன.

"என்னங்க, தட்டற சத்தம் கேக்குது."

விரல்கள் நின்றன. பட்டியலிலிருந்து ஆண்டை வெட்டியது இன்று காலையில்தான்… தலைக்குள்ளிருந்து அதை எப்போது வெட்டினோம்?