நன்மை வாங்கிய பின் முப்பது விநாடி

கேரல் அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கியது நடப்பதற்காக. நடந்தது என்னவோ அவளுடைய மாமியார் பியாட்ரிஸ்.

வைட்ஃபீல்டில் கேரல் வேலை பார்க்கும் கம்பெனியில் மூன்று மாத ஸ்டெப்ஸ் போட்டி வைத்திருந்தார்கள். யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று டீம் லீட் வீணா தினமும் வாட்ஸப்பில் பட்டியல் போட்டு, கடைசியில் நிற்பவர்களின் மானத்தை வாங்குவாள். கேரலோ நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பவள். இரண்டு வாரம் மானம் போன பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. வீட்டில்தான் நடப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறாரே.

பியாட்ரிஸுக்கு அறுபத்தெட்டு வயது. குக் டவுன் வீட்டிலிருந்து காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பி, மாதா கோயிலுக்கு நடந்தே போய், ஆறு மணிப் பூசை பார்த்து, அப்படியே மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு எட்டு மணிக்குக் காய்கறிப் பையோடு திரும்புவாள். மழையோ கடையடைப்போ அந்த நடையை நிறுத்தியதில்லை.

“மம்மி, இதைக் கட்டிக்கிட்டுப் போங்களேன். எத்தனை அடி நடக்குறீங்கன்னு எண்ணும்.”

“எண்ணி என்ன பண்ணப் போறே?”

“சும்மாதான் மம்மி.”

மருமகள் கேட்டாளே என்று பியாட்ரிஸ் கட்டிக்கொண்டு போனாள். எட்டு மணிக்குக் காய்கறியோடு கடிகாரத்தையும் ஒப்படைத்தாள். ஆபீஸுக்குப் போகும் முன்பே கேரலின் கணக்கில் ஏழாயிரம் அடி ஏறியிருந்தது. “சூப்பர் கேரல், சக்கத்தா இருக்கு” என்று வீணா கன்னடம் கலந்து மெச்சியபோது கேரல் கூசாமல் சிரித்தாள். வெட்கம் அவளுக்குக் கொஞ்சம் தாமதமாக வருகிற சமாச்சாரம்.

கடிகாரம் மாமியார் கைக்குப் போன ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பையப்பனஹள்ளியில் மெட்ரோ ஏறி, போனில் குவிந்திருந்த அறிவிப்புகளைத் தள்ளிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றுவிட்டாள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பதற்கான அறிகுறி பலமுறை தென்பட்டிருக்கிறது, மருத்துவரைப் பாருங்கள் என்றது அது.

கேரலுக்கு நெஞ்சு திக்கென்றது. அடுத்த இரண்டு ஸ்டேஷனுக்குள் மூச்சு வாங்கியது, இடது கை வலித்தது, தலை சுற்றியது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றால் யாருக்கும் இதெல்லாம் வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஆபீஸுக்குப் போகாமல் நேரே பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய், இதய டாக்டர் ஸ்ரீகண்டன் முன்னால் உட்கார்ந்தாள்.

ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், “உங்க ஹார்ட் அருமையா இருக்கும்மா. மெட்ரோ மாதிரி டைமுக்குப் போகுது” என்றார்.

“அப்ப வாட்ச் பொய் சொல்லுதா டாக்டர்?”

“காட்டுங்க பாப்போம்.” போனை வாங்கி விரலால் தள்ளிப் பார்த்தார். “எல்லாமே காலை ஆறேகால்ல இருந்து ஆறே முக்காலுக்குள்ள வந்திருக்கு. அந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க?”

“தூங்குவேன்.”

“இந்த வாட்ச் கை ஆடாம இருக்கும்போதுதான் துடிப்பைச் சரியாப் பார்க்கும். தூங்கும்போது பார்த்தா நியாயம்தான். ஆனா அஞ்சே முக்காலுக்கு ரெண்டாயிரம் அடி நடந்திருக்கீங்க. ஏழு மணிக்கு மறுபடி நடந்திருக்கீங்க. நடுவுல மட்டும் தூங்கினீங்களா?”

கேரலுக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வாரமாக அவள் மாமியாரின் கால்களை மட்டும்தான் கடன் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். கால்களோடு இதயமும் கூடவே போயிருக்கிறது. பூசையில் பியாட்ரிஸ் கைகட்டி உட்கார்ந்திருந்த அந்த அரைமணி நேரம், கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை விளக்கு அவளுடைய தோலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. யாரும் அதை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஒரு வயதான மனுஷியின் நெஞ்சுக்கு அது காது கொடுத்திருக்கிறது.

உண்மையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை.

“உங்க மாமியாரோட இதயத்துல மேல் அறைங்க ரெண்டும் ஒழுங்கா சுருங்காம நடுங்குதுன்னு சந்தேகப்படுறேன். அப்படி நடுங்கினா ரத்தம் உள்ளேயே தேங்கிக் கட்டியாகலாம். கட்டி மூளைக்குப் போனா ஸ்ட்ரோக். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க.”

வீட்டில் பியாட்ரிஸ் சமையலறை மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கேரல் எல்லாவற்றையும் கொட்டினாள். போட்டி, ஏமாற்று, டாக்டர், ஸ்ட்ரோக். பியாட்ரிஸ் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

“எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. தினம் மூணு மைல் நடக்குறேன்.”

“நெஞ்சு எப்பவாச்சும் படபடன்னு அடிச்சிருக்கா மம்மி? மறைக்காம சொல்லுங்க.”

கத்தி நின்றது. பியாட்ரிஸின் முகம் கல்யாணப் பெண்ணைப் போலச் சிவந்தது.

“பூசையில மட்டும். நன்மை வாங்கிட்டு வந்து கண்ணை மூடிக்கிட்டு ஒக்காருவேன் பாரு, அப்போ. ஒரு வருஷமா. உள்ள யாரோ ஓடி வர்ற மாதிரி.” அவள் குரல் தணிந்தது. “ஆண்டவர் வர்றார்னு நெனச்சேன் கேரல். உங்க மாமா போன பிறகு என்னைத் தனியா விடக் கூடாதுன்னு வர்றார்னு. அதனாலதான் யார்கிட்டயும் சொல்லலை.”

கேரல் எதிர்பார்த்தது இது இல்லை. நாள் முழுவதும் வரும் படபடப்புதானோ என்னவோ, மார்க்கெட் இரைச்சலில் கேட்காமல், நாக்கில் நன்மை அப்பம் கரையும் அந்த அமைதியில் மட்டும் கேட்டிருக்கிறது. அதை நோய் என்று சொல்ல கேரலுக்கு மனம் வரவில்லை.

“அப்ப அது அவர் இல்லையா?” என்று பியாட்ரிஸ் கேட்டாள்.

கேரலுக்கு அழுகை வந்துவிட்டது. “எனக்குத் தெரியலை மம்மி. நீங்க எனக்கு வேணும். அது மட்டும்தான் தெரியும்.”

பியாட்ரிஸ் பீன்ஸை மூடி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டாக்டரின் சந்தேகம் உறுதியானது. இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை, துடிப்பை ஒழுங்கில் வைக்க ஒரு மாத்திரை. ஒரு நாள்கூட விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். மறுநாளே கேரல் வீணாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். வீணா அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாள், மாமியாருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள். கடிகாரம் பியாட்ரிஸின் கையிலேயே தங்கிவிட்டது.

மாத்திரை வேலை செய்தது, படபடப்பு நின்றது. ஆனால் பியாட்ரிஸ் பூசையிலிருந்து வாடிய முகத்தோடு திரும்பத் தொடங்கினாள். நாலாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம், கேரல் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். அன்றைய மாத்திரைகள் இரண்டும் அப்படியே இருந்தன.

“இன்னைக்கு ஒரு நாள்தான் போடலை” என்றாள் பியாட்ரிஸ், கேட்காமலே. “நாளைக்குப் பூசையில வருவாரான்னு பாக்கணும்.”

கேரல் டாக்டருக்குப் போன் போட்டாள். இப்போதே கொடுங்கள், இனி விடாதீர்கள் என்றார். அவள் தண்ணீரோடு மாத்திரைகளை நீட்டினாள். பியாட்ரிஸ் சண்டை போடாமல் விழுங்கினாள். அந்தப் பணிவுதான் கேரலுக்குப் பயமாக இருந்தது. தினமும் காலையில் பக்கத்தில் நின்று விழுங்க வைக்கலாம். எத்தனை நாளைக்கு?

மறுநாள் காலை ஐந்தரைக்கு கேரலும் செருப்பை மாட்டினாள். கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் ஆறு மணிப் பூசைக்கு அவள் வந்தது அதுவே முதல் முறை.

நன்மை வாங்கிக்கொண்டு இருவரும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்து கோயில் அடங்கியது. மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது. பியாட்ரிஸ் கண்ணை மூடிக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, இல்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

கேரல் மாமியாரின் இன்னொரு கை விரலை எடுத்துக் கடிகாரத்தின் பக்கத்துத் திருகில் வைத்தாள். “முப்பது விநாடி ஆடாம இருங்க மம்மி” என்று காதோரம் சொன்னாள்.

சின்னத் திரையில் இதயத் துடிப்பின் சிவப்புக் கோடு ஓடத் தொடங்கியது. ஓர் ஏற்றம், கொஞ்சம் சமதளம், மறுபடி ஓர் ஏற்றம். கேரலே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். அறுபத்தெட்டு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போடாமல், ஒருவரும் ஏவாமல் இந்த இதயம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏழாயிரம் அடிக்காகப் பொய் சொன்ன அவளுக்கு இப்போதுதான் வெட்கம் முழுசாக வந்து சேர்ந்தது.

“இது எப்பவும் இப்படியே அடிக்குமா?” என்று பியாட்ரிஸ் கிசுகிசுத்தாள்.

“ஆமா மம்மி.”

“பீன்ஸ் நறுக்கும்போது?”

“அப்பவும்.”

“தூங்கும்போது? நான் அவரை நெனைக்காதப்ப?”

“அப்பவும்தான் மம்மி.”

கோடு முப்பது விநாடியைத் தொட்டு நின்றது. பியாட்ரிஸ் விரலை எடுக்கவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கியது, ஆனால் முகத்தில் வாட்டம் இல்லை.

“ஓடி வந்தாத்தான் வந்திருக்கார்னு நெனச்சேனே” என்றாள். “இத்தனை வருஷமா சத்தமே போடாம உள்ளேயே இருந்திருக்காரே, கேரல்.”

கடைசி ஆசீர் முடிந்ததும் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மார்க்கெட் பக்கம் திரும்பவில்லை.

“நேரா வீட்டுக்குப் போலாம் வா” என்றாள். “மாத்திரை போடணும்.”