நாலாவது மக்

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நாற்றத்தில் பிறந்தது. காயலோர அரூரில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் பின்வீட்டில் பதினோரு வருஷமாகக் குடியிருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினால் எழுத்து எப்படி வருமோ, அப்படித்தான் வரும்.

2

'ஜெஸிந்தா விடியுமுன்பே எழுந்து' — வேண்டாம். எல்லாக் கதையிலும் எவளாவது விடியுமுன் எழுந்து தொலைக்கிறாள்.

ஷெட்டில் இறால் உரிக்கிற நாற்பது பெண்களில் ஒருத்தி ஜெஸிந்தா. கழிவுத் தண்ணீர் தெளியாவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடுவேன் என்று அதிகாரி கெடு வைத்திருந்தார். முதலாளி குஞ்ஞப்பன் எங்கோ அலைந்து ஒரு பொடி வாங்கி வந்தார். இறால் தோட்டிலிருந்து எடுத்த பொடி. வினிகரில் கரைத்து ஊற்றினால், அழுக்கு திரண்டு தொட்டியின் அடியில் உட்கார்ந்துவிடும்.

"மூணே மக், ஜெஸிந்தா. கூடினா மறுபடி கலங்கிடும். தப்பித்தவறிக் கூடிட்டா இன்னும் கொஞ்சம் அழுக்குத் தண்ணி விடணுமாம், அப்பத்தான் தெளியுமாம்."

"நாம கொட்டுன குப்பையே நம்மளக் கழுவுதாக்கும். நல்ல கூத்து முதலாளி."

3

அதிகாரி வருகிற நாள் காலை, மூன்று மக் ஊற்றினாள். அரிசியை அளந்து போட்டபின், வந்தாலும் வரக்கூடிய விருந்தாளிக்கென்று இன்னொரு பிடி போட்டுப் பழகிய கை அது. கூடப் போட்டு எது கெட்டுப்போயிருக்கிறது? நாலாவதையும் ஊற்றினாள்.

[இங்கே அவள் மனதை விளக்கி ஒரு பத்தி இருந்தது. படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை, அடித்துவிட்டேன்.]

தொட்டித் தண்ணீர் அரிசி கழுவின நீராக வெளுத்துக் கலங்கி நின்றது.

4

"பொடிக்காரன் ஏமாத்திட்டான் சாரே" என்று அதிகாரியிடம் குழைகிறார் குஞ்ஞப்பன். ஜெஸிந்தாவின் பக்கத்தில், கூட இறால் உரிக்கும் ராதாமணி கிசுகிசுக்கிறாள்.

"சேச்சி, நீ எத்தன மக் ஊத்துன?"

"மூணு."

முதல் முடிவு: உண்மையைச் சொல்கிறாள். அழுக்குத் தண்ணீர் விடுகிறார்கள், தெளிகிறது, ஷெட் பிழைக்கிறது. அவளை மட்டும் முதலாளி வெளியே அனுப்புகிறார்.

இரண்டாவது: மூணு என்ற பொய்யிலேயே நிற்கிறாள். நாற்பது பேரும் வீட்டுக்குப் போகிறார்கள். அவள் —

(இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.)

5

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்வீட்டு ஜன்னலில் நான் பார்த்த பெண் மூன்று மக்கோடு நிறுத்திவிட்டாள், தண்ணீரும் தெளிந்தது. கதை சப்பென்று இருக்கிறதே என்று நாலாவதை ஊற்றியவன் நான். இப்போது அவளை ஒப்புக்கொள்ள வைத்தால் எனக்கென்ன நஷ்டம்? வேலை போவது அவளுக்கு.

அதிகாரி பூட்டைக் கையில் எடுத்துவிட்டார். ராதாமணி இரண்டாம் முறை கேட்கிறாள்.

"சத்தியமா மூணுதானா சேச்சி?"

பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை.