கப்பலேறிய கைப்பிடிச் சோளம்

கடல் தாண்டிச் சோளம் விற்பவனுக்கு ஒரே ஒரு சட்டம் தெரிந்தால் போதும். அக்கரையில் மூட்டையைப் பிரிக்கும்போது உள்ளே உயிரோடு ஒரு வண்டு இருக்கக் கூடாது. இருந்தால், ஒன்றா ஒரு கோடியா என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். மொத்தச் சரக்கும் வந்த கப்பலிலேயே திரும்பிவிடும். செலவு அனுப்பியவன் தலையில்.

மதுரைப் பக்கம் பரவையில் கிட்டங்கி வைத்திருந்த என் தங்கை புருஷன் விருமாண்டிக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துதான், எழுபத்தெட்டாம் வருஷம் கிணற்றுத் தோட்டத்தை விற்று, அத்தனைக்கும் சோளம் வாங்கிக் கிட்டங்கியை நிரப்பினான். சரக்கு திரும்பிவிட்டால் அவனுக்கு மிஞ்சுவது வீடும், வீட்டுக்குள் நிற்கிற மண் குலுக்கையும், அதில் கிடக்கிற சாப்பாட்டுச் சோளமும்தான்.

சோளத்தின் காய்ச்சலில் குறை சொல்ல முடியாது. அவன் களத்தில் காயவைத்த சோளத்தைக் கொத்திய வெள்ளைக் கோழி ஒன்றுக்கு அலகு உடைந்துபோய், அதன் பிறகு சாகும்வரை கஞ்சிதான் குடித்தது. நானே ஊற்றியிருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஆபீசர் வந்தார். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் போட்டு அடைத்து, உள்ளே விஷ மாத்திரை வைத்தார். பாயை எடுத்தபோது அசைகிற சீவன் ஒன்றுமில்லை. சுவர் வெடிப்பில் பல வருஷமாக வளர்ந்திருந்த அரசங்கன்றுகூடப் பட்டுப்போயிருந்தது.

"இனிமே உள்ள ஒரு மணி தானியம்கூடப் போகக் கூடாது" என்று சொல்லி, சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் கிளப்பிய புழுதி அடங்கவில்லை. விருமாண்டி மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்தான்.

"என்ன மாப்ள அது?"

"குலுக்கைச் சோளம் மாமா. அடியில கெடந்தது."

அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி. தானியம் விலைக்குப் போகும்போது, குலுக்கையின் அடியில் கிடக்கும் பழைய மணியில் ஒரு கைப்பிடி எடுத்து முதல் மூட்டையில் போடுவார்கள். அந்தப் பழைய மணிக்கு வீட்டுக்கு வழி தெரியுமாம். போனதையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்துவிடுமாம்.

"அந்தாளு சொன்னது காதுல விழுகலையா?"

"அவரு வண்டச் சொன்னாரு. இது எங்கய்யா கை பட்ட சோளம்."

"ஒங்கய்யா கை பட்டா வண்டு ஒதுங்கிப் போயிருமாக்கும்?"

"உசுரோட இருந்தப்ப போலீசே ஒதுங்குச்சு மாமா. வண்டு எம்மாத்திரம்?"

பக்கத்தில் நின்ற என் தங்கை சோலையம்மாள், "போடட்டும்ணே. தோட்டத்த வித்து அம்புட்டையும் இதுல போட்டுட்டு நிக்கிறோம். போனது திரும்பி வரணும்ல?" என்றாள்.

போட்டான். சோளம் விழுந்தால் சலசலக்கும். அந்தப் பிடி சத்தமே இல்லாமல் விழுந்தது. மூட்டையைத் தைத்தார்கள்.

தூத்துக்குடியில் கப்பலேறியது. அந்தக் கப்பலில் சமையல் பார்த்த செல்லூர்ச் சுருளி பிறகு என்னிடம் சொன்னான். நடுக்கடலில், மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, அடித்தட்டில் மழை பெய்கிற சத்தம் கேட்டதாம். திறந்து பார்த்தவர்கள் உடனே சாத்திவிட்டார்களாம்.

"நாங்க பேசுனா சத்தம் நிண்டுரும்ணே. பேச்ச நிறுத்துனா மறுபடி ஆரம்பிச்சுரும். அதுக்கப்புறம் எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருந்தோம். பேச விசயமில்லாமக் கெட்ட வார்த்தையாப் பேசுனோம்."

அக்கரையில் அதிகாரி ஒருவர் மூட்டையில் மாதிரி எடுக்கும் குத்தூசியைச் செருகி இழுத்தார். சோளம் வரவில்லை. மாவு வந்தது, மாவுக்குள் உடம்பெல்லாம் மயிர் முளைத்த புழுக்கள் வந்தன. வருஷக்கணக்கில் எதையும் தின்னாமல் இடுக்கில் கிடந்து, தானியம் கண்டதும் எழுந்துகொள்கிற சாதி. அவர் குத்தூசியைக் கப்பலிலேயே போட்டுவிட்டு இறங்கிப் போனார். கப்பல் திரும்பியது.

லாரி பரவைக்கு வந்து நின்றது. போகும்போது முதுகு வளைய ஒவ்வொரு மூட்டையாக ஏற்றிய லோடுமேன் மொக்கைச்சாமி, இப்போது கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு நடந்தான். அவன் முகம் செத்திருந்தது. நடக்கும்போது மூட்டைகள் அவன் விலாவில் மூச்சு விட்டனவாம்.

"எல்லாம் வந்துருச்சா மாமா?" என்றான் விருமாண்டி.

"ஒண்ணும் குறையல மாப்ள. கூடத்தான் வந்துருக்கு."



அதே ஆபீசர் வந்து, மூட்டைகளைக் கிட்டங்கியோடு கொளுத்தச் சொன்னார். விருமாண்டிதான் மண்ணெண்ணெய் ஊற்றினான். தீ பிடித்ததும் உள்ளே பெருமழை இரைந்தது. கூரை விழுந்த பிறகு ஓய்ந்தது.

"முடிஞ்சுது" என்று ஆபீசர் ஜீப்பில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தோம். சோலையம்மாள் உலையை வைத்துவிட்டு, சோளம் எடுக்க முறத்தோடு குலுக்கையருகே போனவள், அப்படியே நின்றாள்.

"அண்ணே, வெளிய மழையா?"

வாசலைப் பார்த்தேன். சாயங்கால வெயில் தெருவெல்லாம் கிடந்தது.

"இல்லையே தாயி."

அவள் குலுக்கையின் மண்சுவரில் காதை வைத்தாள். முறம் கையிலிருந்து நழுவியது.

"என்ன புள்ள?" என்றான் விருமாண்டி.

குலுக்கைக்குள் மழை நின்றது.