மூடாத கதவும் ஒரு துணைக்காலும்

வாய்மொழித் தேர்வு நடந்த அன்று மங்கையர்க்கரசியின் கதவு ஏறக்குறைய ஊர் அகலத்துக்குத் திறந்திருந்தது. தானியக்கப் பொறியியல் முதுகலைப் படிப்பில் அது ஒன்றும் பெரிய குற்றம் இல்லை. மூடவில்லை என்பதுதான் குற்றம்.

இடது பலகை வேதியியல் துறைக்குப் பின்னால் போய் நின்றது. வலது பலகை விடுதிச் சமையற்கூடத்தைத் தாண்டிக் குளக்கரையில் இருந்தது. நடுவில் இருந்ததெல்லாம் வாசல். வாசல் அகலமாக ஆக, விகிதம் கெடக் கூடாது என்று நிலைப்படியும் தடித்துக்கொண்டே போனது. விடுதிப் பெண்கள் இப்போது நிலைப்படியில் குடியிருந்தார்கள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை என்பதால் அவர்களுக்குப் பாதிச் சாப்பாடுதான் போடப்பட்டது. அவர்களில் யாரும் மங்கையர்க்கரசியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

காவலாளி பொன்னுசாமி மட்டும் பேசுவார். நடந்து வாசலைக் கடக்க முடியாதவர்களைப் பேட்டரி வண்டியில் ஏற்றிப் போவது அவர் வேலை.

“அம்மிணி, இன்னைக்காச்சும் சாத்திப்போடுவீங்களா?”

“சாத்திருவேனுங்கண்ணா.”

“போன வாரமும் இதயேதான் சொன்னீங்க.”

“போன வாரம் வாசல்ல அரச மரம் இல்லீங்களே.”

“மரம் இருந்துச்சுங்க. அப்ப அது உள்ள இருந்துச்சு.”

மரம் நகரவில்லை என்பது உண்மைதான்.

கதவைச் செய்தவர்கள் இரண்டு பேர். மங்கையர்க்கரசி ஒருத்தி. தூத்துக்குடியிலிருந்து வந்து அவளோடு ஒரே அறையில் தங்கிப் படித்த ஜெசிந்தா இன்னொருத்தி. அந்தக் கதவுக்குக் காது உண்டு. வெளியே போகிறவர் சொல்லிக்கொண்டு போகும் சொல்லைக் கேட்டு அது திறக்கும். ‘போயிட்டு வரேன்’ என்றால் திறந்து வைத்துக் காத்திருக்கும். போனவர் திரும்பி வந்ததும் மூடிக்கொள்ளும். ‘போறேன்’ என்றால் ஆள் வெளியேறியதும் மூடிவிடும்.

அப்படித்தான் திட்டம். கதவுக்குச் சொல் பழக்க நிறையக் குரல்கள் வேண்டியிருந்தன. ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லிக் கொடுக்க வளாகமே வரிசையில் நின்றது. ‘போறேன்’ என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை.

“ஒரே ஒரு தடவை சொல்லுங்கக்கா. சோதனைக்குத்தான்.”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாயில வர்ற பேச்சா கண்ணு இது?” என்றாள் விடுதிச் சமையற்காரி.

“அப்ப நாளைக்குச் சொல்றீங்களா?”

“நாளைக்கும் நான் இருக்கோணுமில்ல?”

“ஏட்டி, ஊரக் கெஞ்சாத. நீயே சொல்லித் தொலையேன்,” என்றாள் ஜெசிந்தா.

மங்கையர்க்கரசி ஒலிவாங்கிக்கு முன்னால் வாயைத் திறந்தாள். ‘போ’ வரைக்கும் சரியாக வந்தது. மீதி ‘யிட்டு வரேன்’ என்று முடிந்தது. ஜெசிந்தா முயன்றாள். அவளுக்கும் அப்படியே. ஆகவே கதவு ஒரே ஒரு விடைபெறுதலைத்தான் கற்றுக்கொண்டது.

முதல் சோதனையில் வெளியே போனவள் ஜெசிந்தா. கையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள்.

“டீ வாங்கிட்டு வந்துருதேன். ஒனக்குச் சீனி இல்லாமத்தான?”

“ஆமா. மறந்து ரெண்டுலயும் போட்டு வாங்கிட்டு வந்துராத.”

“ஏட்டி, நான் என்னைக்கு மறந்தேன்? போயிட்டு வாரேன், என்னா.”

கதவு திறந்தது. அவள் போனாள். கதவு காத்திருந்தது.

அது மூன்றாம் பருவத்தின் தொடக்கம். பிறகு நான்காம் பருவமும் முடிந்தது. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் வந்து, படித்து, பட்டமும் வாங்கிவிட்டார்கள். ஜெசிந்தா வரவில்லை. காத்திருந்த ஒவ்வொரு நிமிடத்தையும் கதவு கூட்டிக்கொண்டே வந்தது. கூட்டியதையெல்லாம் திறப்பில் காட்டியது. கட்டுப்பாட்டியல் பாடத்தில் இது ஆரம்பத்திலேயே வந்துவிடும். குறை தீராதவரை இயந்திரம் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முயன்றுகொண்டே இருக்கும். பலகைகள் ஓடும் தண்டவாளம் போதாதபோது துறையே நீட்டிக் கொடுத்தது. சுவர்கள் வழிவிட்டன.

வழிகாட்டிப் பேராசிரியர் செங்கோட்டுவேல் சென்ற பருவத்திலிருந்து கட்டுப்பாட்டுப் பெட்டியாக இருந்தார். சாம்பல் நிறம். உள்ளே ஒரு சிறிய விசிறி ஓடியது. பச்சை விளக்கு எரிந்தால் சம்மதம். சிவப்பு எரிந்தால் மறுப்பு.

“சார், எக்ஸாமினர் வந்துட்டாங்களா?”

“நிலைப்படி ஏறிட்டாங்க. நம்மகிட்ட வந்து சேர மத்தியானம் ஆகும்.”

“என்ன கேப்பாங்க?”

“மூடச் சொல்லுவாங்க.”

“மூடலைன்னா?”

“கதவைப் பிரிச்சு இரும்புக்குப் போட்டுருவாங்க. உன் படிப்பும் அதோட சேந்து போயிரும்.”

“அதுக்கப்புறம் ஜெசிந்தா வந்தா?”

விசிறி சற்று நேரம் ஓடியது.

“எது வழியா வருவா?” என்றார் செங்கோட்டுவேல்.

மங்கையர்க்கரசி எண்ணெய்க் குப்பியை எடுத்துத் தண்டவாளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை எண்ணெய் விட்டாள். எப்படியும் இன்றைக்குத் தேறிவிடுவது என்று அவள் காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

டாக்டர் ரமாமணி திருச்சியிலிருந்து வந்த தேர்வாளர். பொன்னுசாமியின் வண்டியில், கைப்பையை மடியில் வைத்தபடி வந்து இறங்கினார்.

“இதுதான் கதவா?”

“கதவு ரெண்டு பக்கமும் தூரத்துல இருக்குங்க மேடம். இது வாசல்.”

“காலைலேர்ந்து வாசல்லயேதான் வந்துட்டிருக்கேன்.”

“ஆமாங்க மேடம்.”

“நடுவுல ஒரு எடத்துல டிபன் குடுத்தாங்க. பாதி இட்லி.”

“அது ஹாஸ்டலுங்க.”

ரமாமணி நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார். “மூடு, பாக்கலாம்.”

“ஒருத்தி வர வேண்டியிருக்குங்க. அவ வந்ததும் மூடிரும். அதுவரைக்கும் மூடாம இருந்தாத்தான் கதவு சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.”

“அவ வரலைன்னா?”

“வரேன்னு சொன்னாளுங்க.”

“எல்லாரும்தாம்மா சொல்றாங்க. அது ஒரு பேச்சு.”

“கதவுக்குப் பேச்சு மட்டும்தான் தெரியுங்க மேடம்.”

ரமாமணி திரையைத் தன் பக்கம் திருப்பினார். கதவின் நினைவில் ஒரே ஒரு சொல் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. போயிட்டு.

“இவ்வளவுதானா?” என்றார். “இதுக்கா ஒரு ஊரையே வாசலாக்கி வெச்சிருக்கே? கடைசி எழுத்தப் பாரு. ‘டு’. அத ‘டா’ ஆக்கு. உகரத்த எடுத்துட்டு ஒரு துணைக்கால் போட்டாப் போதும். போயிட்டா. குறை தீந்துது. கதவு மூடிக்கும். நான் கையெழுத்துப் போட்டுட்டுச் சாயங்கால பஸ்ஸப் பிடிப்பேன்.”

மங்கையர்க்கரசி விசைப்பலகையைப் பார்த்தாள். காலையில் அதில் எல்லா எழுத்துகளும் இருந்தன. இப்போது ஒரே ஒரு விசைதான் இருந்தது. துணைக்கால். நல்ல பெரிதாக, விரலுக்கு வசதியாக இருந்தது.

செங்கோட்டுவேலின் பச்சை விளக்கு எரிந்தது.

“சார், நீங்களுமா?”

“எனக்குச் சம்மதம் இல்லம்மா. சிவப்பு பல்ப் பீஸ் போயிருச்சு.”

மங்கையர்க்கரசி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“அந்தக் கால போட மாட்டேனுங்க மேடம்.”

“ஏம்மா, பட்டம் வேண்டாமா?”

“வேணுங்க.”

“பின்ன?”

“ரெண்டும் வேணுங்க.”

“ரெண்டுன்னா எது எது?”

“பட்டமும் டீயும்.”

ரமாமணி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அப்ப பெயில்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தப்பா நினைச்சுக்காதே.” மூடியைக் கழற்றினார். பேனா எழுதவில்லை. உதறினார். அப்போதும் எழுதவில்லை. “சரி, ஆபீஸ்ல போய் எழுதிக்கறேன்.” எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டினார். கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார். “அப்ப நான் போயிட்டு வரேன் சார்.”

இரு பக்கமும் வெகு தூரத்தில் சக்கரங்கள் உருளும் சத்தம் கேட்டது. வேதியியல் துறைப் பக்கம் ஒரு நாய் குரைத்தது. திரையில் இப்போது இரண்டு சொற்கள் மின்னின. போயிட்டு. போயிட்டு.

“என்ன சத்தம்?”

“உங்களுக்கும் சேத்துக் காத்திருக்குதுங்க மேடம்,” என்றாள் மங்கையர்க்கரசி.

“எக்ஸாமினர் திரும்பி வர்ற வரைக்கும் தேர்வு முடியாது,” என்றார் செங்கோட்டுவேல். “ரிசல்ட் எழுத முடியாதுங்க மேடம். அது விதி.”

“நான் சும்மா வாய் வார்த்தைக்குச் சொன்னேன் சார்.”

“அப்ப மாத்திச் சொல்லிருங்க மேடம்,” என்று பொன்னுசாமி யோசனை சொன்னார். “போறேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வண்டியில ஏறுங்க. சோலி முடிஞ்சுது.”

“சொன்னாப் போச்சு,” என்றார் ரமாமணி. மைக்குக்கு நேராக நின்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “போ,” என்றார்.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“போ,” என்றார் மறுபடியும்.

“சொல்லுங்க மேடம்.”

“வீட்ல பையன் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கான்,” என்றார் ரமாமணி. நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். “அதெல்லாம் என் வாயால வராது.”

யாரும் சிரிக்கவில்லை.

சற்றுப் பொறுத்து அவர் கேட்டார்: “அந்தப் பொண்ணு எந்தக் கடைக்குப் போனா?”

“ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக் கடைங்க.”

“யாராவது போய்ப் பாத்தீங்களா?”

பொன்னுசாமி தொண்டையைச் செருமினார். “வாசல் முடிஞ்சாத்தானுங்க ரோடு. வண்டிச் சார்ஜு நிலைப்படியத் தாண்டறதுக்கே தீந்து போகுது.”

“உங்களைக் கேக்கல. இவளைக் கேக்கறேன்.”

“நான் போகணும்னா போயிட்டு வரேன்னு சொல்லணுங்க,” என்றாள் மங்கையர்க்கரசி. “சொன்னா எனக்கும் சேத்துத் திறக்கும். நிலைப்படி இன்னும் தடிச்சுப் போகும். கடை இன்னும் தூரமாயிரும். போகப் போகத் தள்ளித்தான் போகும்.”

“நல்லாப் புரிஞ்சுதான் வெச்சிருக்கே.”

“படிச்சிருக்கேனுங்க மேடம்.”

“அப்ப உக்காந்தே இருக்கப் போறியா?”

மங்கையர்க்கரசி மேசையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினாள். துப்பட்டாவைக் குறுக்கே கட்டிக்கொண்டாள். நிலைப்படி தொடங்கும் இடத்தில் வந்து நின்றாள். கதவு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. அதற்கு முதுகுப் பக்கமிருந்தும் வாய் தெரியும். அப்படித்தான் அவள் செய்திருந்தாள்.

“கூட்டிட்டு வரேன்,” என்றாள்.

கதவுக்கு அந்தச் சொல் பழக்கப்படவில்லை. செங்கோட்டுவேலின் விசிறி நின்றது. திரை அணைந்து எரிந்தது. விடுதிப் பெண்கள் பாதிச் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

“இது என்ன பண்ணுது?” என்றார் ரமாமணி தாழ்ந்த குரலில்.

“யோசிக்குது,” என்றார் செங்கோட்டுவேல்.

வேதியியல் துறைக்குப் பின்னாலிருந்து பொன்னுசாமியின் கைபேசிக்கு அழைப்பு வந்தது. அவர் கேட்டார், தலையாட்டினார், வைத்தார்.

“இடது பலகை இந்தப் பக்கமா நகந்துச்சாமுங்க.”

“எவ்வளவு?”

“ஒரு நூல்.”

ரமாமணி பேனாவை எடுத்தார். அது இப்போது எழுதியது. என்ன எழுதினார் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. “நான் இங்கயே உக்காந்திருக்கேன்,” என்றார். “எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா.”

“சீனிங்க மேடம்?”

“போட்டு.”

மங்கையர்க்கரசி நடந்தாள். அரச மரத்தைத் தாண்டினாள். விடுதியைத் தாண்டும்போது சமையற்காரி எதிரே வந்து நின்றாள். எங்கே என்று கேட்கக் கூடாது என்பதால் வேறு விதமாகக் கேட்டாள்.

“தூரமா கண்ணு?”

“கிட்டத்தானுங்கக்கா.”

“வெய்யிலா இருக்குது.”

“இருக்கட்டுங்க.”

விடுதிக்கு அப்பால் நிலைப்படி வெறும் மரமாகக் கிடந்தது. வருடக்கணக்கில் தடித்த மரம். ஓரிடத்தில் அவளே முதல் பருவத்தில் அடித்த ஆணி ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிப் போனாள். கால் வலித்தது. நின்று உட்கார்ந்தால் நிலைப்படி இன்னும் தடித்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. உட்காரவில்லை. வாசலின் மறுபக்கத்தில் சாலை ஒரு கோடாகத் தெரிந்தது. பிறகு கோடு பட்டையானது. பட்டையின் மேல் ஒரு பேருந்து போனது. பால் பொங்கும் வாசம் வந்தது. அதன் பின்னால் குரல்கள் வந்தன.

“அண்ணாச்சி, ரெண்டு டீ. ஒண்ணுல சீனி வேண்டாம்.”

“ரெண்டுலயும் போட்டுப்போட்டனே அம்மிணி.”

“அப்பக் கொட்டிட்டு மறுபடி போடுங்க. மறந்துட்டன்னு சொல்லுவா.”

“எத்தன தடவதான் கொட்டறது?”

“அவளுக்குச் சீனி ஆகாது அண்ணாச்சி. போடுங்க.”

மங்கையர்க்கரசி டம்ளரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடையைக் கூட்டினாள்.

“ஏ ஜெசிந்தா,” என்று கூப்பிட்டாள். “சீனி இருந்தாப் பரவால்ல. குடிக்கிறேன். வா புள்ள.”

பின்னால், இரண்டு பக்கமும், சக்கரங்கள் உள்நோக்கி உருளத் தொடங்கின.